ரோஸ்லின் பாடியதில் தப்பில்லை

கண்ணு,

இந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ ஈரோட்டிலிருந்து வரவில்லை. மில்லில் வேலை முடியவில்லை என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாய். அப்படியே இருக்கட்டும். இங்கே கோவையில் காலைப் பூசையில் கல்யாண ஓலைகள் வாசிக்கும் நேரம் வந்தபோது உன் அப்பா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்களைச் சொன்னார், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்றார், தாளை மடித்து வைத்துவிட்டார். உன் பெயரும் ரோஸ்லின் பெயரும் அதில் இல்லை. முந்தின நாளே ரோஸ்லினின் அப்பா போத்தனூரிலிருந்து பஸ் ஏறி வந்து, "பாப்பா கொஞ்ச நாள் போகட்டும்ங்குதுங்க சாமி, ஓலையை இப்போதைக்கு வாசிக்க வேண்டாமுங்க" என்று சாமியாரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம் வீட்டுக்கும் வந்தார். காபி குடித்தார். மழை வருமா வராதா என்று உன் அப்பாவோடு பேசினார். கல்யாணம் நின்றுவிட்டது என்று அவர் சொல்லவில்லை. நடக்கும் என்றும் சொல்லவில்லை.

நேரில் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். நீயும் நானும் ஒரே வீட்டில் அதிகம் பேசாமலே நன்றாக இருந்துவிட்டவர்கள். உன்னைப் பெற்றவள் போனபோது உனக்கு ஐந்து வயது; நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எட்டு. நமக்குள் பதினோரு வயதுதான் வித்தியாசம். நீ என்னைச் சித்தி என்று கூப்பிடுகிறாய். எனக்கு அது போதுமானதாகவே இருந்திருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தை ஒரு தாய் சொல்ல வேண்டிய முறையில் சொல்லலாமா என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் அப்பா வியாழக்கிழமை ஈரோடு வரும்போது கொண்டுவருவார். வழியில் எடுத்துப் படித்தால் படிக்கட்டும். ரோஸ்லினுக்குத் தெரியக்கூடாதது என்றும் இதில் எதுவும் இல்லை.

அந்த விருந்து நாளை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். போத்தனூரில் நிச்சயம் முடிந்த அடுத்த வாரம் அவர்கள் வீட்டார் எல்லோரும் நம் வீட்டில் சாப்பிட்டு முடித்து, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உன் பெரியப்பாதான் ஆரம்பித்தார். "ஏனம்மணி, கோயில்ல பாட்டெல்லாம் பாடுவியாமா? எங்களுக்கும் ஒண்ணு எடுத்து உடு, கேக்கறோம்." ரோஸ்லின், "இப்பத்தானுங்க மாமா வயிறு முட்டச் சாப்பிட்டேன், மூச்சு எங்கீங்க வரும்" என்று சிரித்தாள். ஆனால் அவள் பாடத் தயாராகத்தான் வந்திருந்தாள். எழுந்துபோய் என்னிடம் ஒரு தம்ளர் சுடுதண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஜன்னலோரம் நின்று கைகளைக் கோத்துக்கொண்டாள். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது உன் அம்மா விட்டுப்போன ரெக்கார்டுப் பெட்டியில் இருக்கும் பாட்டு. மூன்றாவது ரெக்கார்டின் கடைசிப் பக்கம். நீ எப்போதோ அவளிடம் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். அவள் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவரிடம் அந்தப் பாட்டின் இசைக்குறிப்பு நோட்டை வாங்கி, இத்தாலிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பழகி, உனக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்தாள். அந்தக் கூடத்தில் அது என்ன பாட்டு என்று தெரிந்தவர்கள் அவளும் நீயும் நானும் மட்டுமே. உன் அப்பாவுக்கு ராகம் தெரியும், வார்த்தை தெரியாது. பெரியம்மா, "என்ன பாசைங்க இது, லத்தீனா?" என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பாடி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நீ தட்டவில்லை. "அது அப்படி இல்ல ரோஸ்லின்" என்றாய். "கடைசி வார்த்தைக்கு முன்னால நிறுத்தோணும். நிறுத்திப்போட்டு மேல சன்னமாப் புடிக்கோணும். நீ தப்பாப் பாடீட்டே." அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "இரு, போட்டுக் காட்டறேன்" என்று எழுந்து போய், பெட்டியைத் திறந்து, ரெக்கார்டைத் துடைத்து, ஊசியை வைத்து, இடம் தப்பி, மறுபடி எடுத்து வைத்து, அந்தக் கடைசிப் பாட்டைத் தேடிப் பிடித்தாய். வீடு நிறைய விருந்தாளிகள். பெரியப்பா, "நம்ம பையனப் பாருங்க, தாலி கட்டறதுக்கு முந்தியே புள்ளைக்குப் பரீட்சை வெக்கறான்!" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்லினும் சிரித்தாள். ஆனால் அவள் உட்காரவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை ஜன்னலோரத்திலேயே நின்று கேட்டாள். "நல்லாப் பாடறாங்க" என்றாள். பிறகு உள்ளே வந்து வெற்றிலைத் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நீ அவளைச் சிறுமைப்படுத்த நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்தேன். பூசையில் யாராவது வசனத்தை மாற்றி வாசித்துவிட்டால் வருகிற பதற்றம்தான் அதில் இருந்தது. அந்தப் பதற்றம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அந்தப் பெட்டி உன் அம்மாவுக்கு எப்படி வந்தது என்று அப்பா சொல்லியிருப்பார். அம்மாவுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த ரயில்வே காலனி அம்மையார் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறும்போது, எடுத்துப்போக முடியாததைத் தன் மாணவிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார். உன் அம்மாவுக்கு இந்த ஓப்ரா வந்தது. பேச்சே இல்லாமல் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகம், மூன்று ரெக்கார்டு, ஒரு சிறு புத்தகம். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ என்னோடு பேசமாட்டாய். கூப்பிட்டால் வருவாய், கொடுத்தால் சாப்பிடுவாய், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு மத்தியானம், தூசு தட்டும்போது, இது என்ன என்று பார்க்க நான் அந்த ரெக்கார்டைப் போட்டேன். நீ எங்கிருந்தோ வந்து தரையில் உட்கார்ந்தாய். எழுந்து போகவில்லை. அடுத்த ஞாயிறும் போட்டேன். அப்புறம் அது நம் வழக்கமாகிவிட்டது. நான் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து உனக்குக் கதை சொன்னேன். கடலோர ஊர், ஒரு பெண், அவள் புருஷன் கப்பலில் போகப்போகிறான், அவன் திரும்பமாட்டான் என்று இருவருக்கும் தெரியும், கடைசியில் அவள் துறைமுகத்தில் நின்று அவனுக்கு விடை கொடுக்கிறாள். எட்டு வயதுப் பையனுக்கு, அதுவும் உனக்கு, சொல்லத் தகுந்த கதையா என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்கும் அப்போது பத்தொன்பது வயதுதான்.

அந்தக் கடைசி வரிக்கு முன்னால் பாடுகிறவள் நிறுத்துவாள். வயலின்கள் நிற்கும். எல்லாமே நிற்கும். அந்த அமைதியில் அவள் மூச்சு இழுப்பது மட்டும் கேட்கும். பிறகு, எல்லோரும் கத்திப் பாடுவார்கள் என்று எதிர்பார்க்கும் அந்த உச்ச ஸ்தாயியை, நூல் இழுக்கிற மாதிரி மெல்லியதாக எடுப்பாள். அந்த இடம் வரும்போது நான் விரலைத் தூக்குவேன். நீயும் தூக்குவாய். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். அதுதான் நாம் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம். அந்த நிறுத்தம் பாட்டிலேயே இருக்கிறது, எழுதியவர் எழுதிவைத்தது, இப்படித்தான் பாட வேண்டும் என்று நீ நம்பினாய். நானும் நம்பினேன். நமக்கு வேறு எதைக் கேட்டுத் தெரியும்? ஊரில் ஒரே ஒரு கிணறு இருந்தால் தண்ணீரின் ருசியே அதுதான் என்றுதான் இருப்போம்.

விருந்து முடிந்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண் தப்பாகப் பாடினாளா என்று தெரிந்துகொள்ள ஆர்கன் வாசிக்கிறவரைப் போய்ப் பார்த்தேன். "ஏனுங்க, அந்த எடத்துல நிறுத்தோணும்னு நோட்டுல இருக்குதுங்களா?" என்று கேட்டேன். அவர் நோட்டை எடுத்துப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இல்லீங்களே. நேராப் போகுதுங்க" என்றார். "அப்ப அந்தம்மா எதுக்கு நிறுத்தறாங்க?" என்றேன். "அது அவங்க இஷ்டமுங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லாட்டி மூச்சு பத்தாமலும் இருந்திருக்குமுங்க. வயசான குரலுக்கு அத்தனை ஒசரம் போறதுக்கு முந்தி ஒரு தைரியம் வேணுமில்லீங்களா? உச்சத்துல பாடற சொப்ரானோ நிறுத்துனா அத்தனை வாத்தியக்காரங்களும் அவங்க வாயையே பாத்துட்டு நிக்கோணும், வேற வழியில்லீங்க" என்று சிரித்தார். அவரிடம் அதே ஓப்ராவை வேறொரு பெண் பாடிய கேசட் இருந்தது. கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன்.

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது அதைப் போட்டேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாமே தப்பு என்று தோன்றியது. வேகம் தப்பு, குரல் தப்பு. நம் ரெக்கார்டில் முதல் வரியை அவள் பாதி பேசுகிற மாதிரி சொல்வாள் அல்லவா, இவள் அதை ஆணி அடிக்கிற மாதிரி அடித்தாள். நம்மவள் நிறுத்துகிற இடத்தில் இவள் நிற்கவே இல்லை. ஏறிய வேகத்தில் அப்படியே உச்சிக்குப் போய் முழுக் குரலையும் திறந்துவிட்டாள். மேளங்களும் குழல்களும் அவள் பின்னால் ஓடின. இரண்டாம் முறை கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. இவள் பாட்டில் புருஷனை அனுப்பும் பெண் கோபக்காரி. அவனை முன்னமே மனத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டாள். நம் ரெக்கார்டில் இருப்பவள் கடைசி நொடி வரைக்கும், அந்த ஒரு மூச்சு வரைக்கும், அனுப்பலாமா வேண்டாமா என்று தவிக்கிறவள். வார்த்தை ஒன்றே, ராகம் ஒன்றே, தாளில் இருக்கும் புள்ளிகள் ஒன்றே. ஆனால் துறைமுகத்தில் நிற்பது வேறு வேறு பெண்கள். ஒரே ருஷ்ய நாவலை இரண்டு மொழிபெயர்ப்பில் படித்தபோது ஒன்றில் கதாநாயகி திமிர் பிடித்தவளாகவும் மற்றொன்றில் பாவப்பட்டவளாகவும் தெரிந்தது எனக்கு ஞாபகம் வந்தது. உன் அப்பா கோயிலில் வாசகம் வாசித்தால் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று அறிவிக்கிற மாதிரி இருக்கும். அதே வாசகத்தை வேறொருவர் வாசித்தால் கண்ணில் தண்ணீர் வரும். இதெல்லாம் தெரிந்தும், பாட்டு என்று வந்தபோது நாம் அதை மறந்துவிட்டோம்.

நம் ரெக்கார்டின் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. கூடியிருக்கிறது. அந்த நிறுத்தம் யாரோ எழுதிவைத்த விதி என்றிருந்தவரை அவள் அதற்குக் கீழ்ப்படிகிறாள் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், அவ்வளவு பெரிய வாத்தியக் குழுவைத் தன் மூச்சுக்காகக் காக்க வைத்திருக்கிறாள் ஒரு மனுஷி. அது அவள் எடுத்த முடிவாக இருக்கலாம், அவள் குரலின் களைப்பாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் தன்னிடம் இருந்ததை வைத்துத் தான் நினைத்த பெண்ணை அவள் உண்டாக்கினாள். அந்த ரெக்கார்டு ரெக்கார்டு ஆனது அதனால்தான். ரோஸ்லின் செய்ததும் அதே காரியம்தான் கண்ணு. நீ கேட்கவில்லை, உன் காதில் பழைய குரல் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டேன். அவள் பாட்டில் தவிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நல்லபடியாகப் போய்ச் சேர் என்று வாசல்வரை வந்து கையசைத்துவிட்டு, திரும்பிப் போய் தன் வேலையைப் பார்க்கக்கூடிய ஒரு பெண் இருந்தாள். அப்படி ஒருத்தி அந்தக் கதைக்குள் இருக்கிறாள் என்று இத்தனை வருஷம் கேட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமை நான் போத்தனூர் போனேன். உன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ரோஸ்லின் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விடைத்தாள் கட்டுகளை நாற்காலியிலிருந்து தூக்கி ஒதுக்கி, "வாங்கத்தை, உக்காருங்க. மாமா வரலீங்களா?" என்றாள். "நான் மட்டும்தான் கண்ணு. சமாதானத்துக்கு வரலை" என்றேன். "அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "நீ என்ன நெனைக்கறேன்னு கேட்டுட்டுப் போலாம்னு" என்றேன். அவள் உள்ளே போய் இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"தப்பாப் பாடீட்டேன்னு சொன்னது எனக்கு ஒண்ணுமில்லீங்கத்தை. கொயர்ல நான் வாங்காத திட்டா? அவரு எந்திரிச்சுப் போயி அந்த ரெக்கார்டைப் போட்டாருங்க பாருங்க, அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. நாளைக்கு நான் கொழம்பு வெச்சாலும், கொழந்தையத் தூக்குனாலும், இவரு உள்ள போயி ஒரு ரெக்கார்டைத் தேடி எடுத்துட்டு வருவாருங்களோன்னு."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் போட்டுக் காட்டீருக்காங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"காட்டியிருக்காங்க" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

அவளிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். நான் வந்த புதிதில் ஒரு நாள் அரிசியும் பருப்பும் சாதம் செய்தேன். நீ ஒரு வாய் வைத்துவிட்டு, "எங்கம்மா பூண்டை முழுசாப் போடுவாங்க" என்றாய். குழந்தை சொன்னது. நான் அன்றிலிருந்து முழுசாகப் போட்டேன். பிறகு நானாகவே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். உன் அம்மா சட்டையை எப்படி மடிப்பார், குளிப்பாட்டிய பிறகு தலையை எந்தப் பக்கமாக வாருவார், காய்ச்சல் வந்தால் என்ன கஞ்சி கொடுப்பார். உன் அப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதே வேடத்துக்கு இரண்டாவதாக வந்தவள் முதலில் பாடியவளைப் போலவே பாடிவிட்டால் கேட்கிறவர்களுக்கு வருத்தம் இருக்காது என்று நான்தான் எண்ணினேன். வருத்தம் இல்லாமல்தான் இருந்தது. ஆனால் வெகு காலத்துக்கு அந்த வீட்டில் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. நீ கல்லூரிக்குப் போன வருஷம்தான் ஒரு நாள் பூண்டைத் தட்டிப் போட்டேன். உன் அப்பா சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு நல்லா இருக்குதே அம்மணி, என்ன பண்ணுனே?" என்றார். நான் சமையலறைக் கதவை ஒருக்களித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உன்னால் எனக்குக் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை; நல்லதுதான் அதிகம். ஆனால் ரோஸ்லின் என்னைப் போல இல்லை. வந்த முதல் நாளே அந்த ரெக்கார்டின் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது, கேட்டதை மறைக்கவும் இல்லை. அப்படிப்பட்டவள் கிடைப்பது உனக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன். வருஷக்கணக்கில் தெரியாமலே இருப்பதைவிட, ஒரு சில ஞாயிறு ஓலை நின்று தெரிந்துகொள்வது மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன், உன் அப்பாவே எழுதச் சொல்லிவிட்டார். போத்தனூரிலிருந்து திரும்பி வந்து நடந்ததை அவரிடம் சொன்னேன். அந்த நிறுத்தத்தைப் பற்றியும், நோட்டில் அது இல்லை என்பதையும் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்கிவிட்டு, "அவ எங்க நிறுத்துனா?" என்றார். யார் என்று எனக்குப் புரியவில்லை. "இவன் அம்மாவைச் சொல்றேன். துணி தேய்ச்சுட்டே அந்த ரெக்கார்டோட பாடுவா. ரெக்கார்டு நிக்கும், இவ நிக்கமாட்டா. இவ மேல போயி முடிச்சப்பறம் அந்தம்மா மெதுவா வரும். 'இந்தம்மாவுக்குப் பொறுமை சாஸ்திங்க, எனக்கு ஆகாது'ன்னு சிரிப்பா." இதைச் சொல்லிவிட்டு அவர் வெகுநேரம் சிரித்தார். இத்தனை வருஷத்தில் உன் அம்மாவைப் பற்றிப் பேசி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீ அப்போது சிறு குழந்தை. உனக்கு நினைவிருக்க நியாயமில்லை. உன் அம்மா போன பிறகு வீட்டில் மிஞ்சியது ரெக்கார்டின் குரல்தான், அதை நீ அவர் குரலாகவே பிடித்துக்கொண்டாய். அதற்கு நான் ஞாயிறுதோறும் விரலைத் தூக்கிக் காட்டி முத்திரையும் குத்தினேன். அவர் குரல் வேறு, அதற்குப் பொறுமை கிடையாது என்பது இப்போது உனக்குத் தெரிந்திருக்கிறது. அது உனக்கு வலிக்கலாம். சந்தோஷமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ஆனால் தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதே. ரோஸ்லினிடம் போய், "நீ எங்கம்மா மாதிரியே பாடறே" என்று சொல்லிவிடாதே. அதைச் சொல்லத்தான் உன் மனசு முதலில் துடிக்கும், எனக்குத் தெரியும். அது புகழ்ச்சி மாதிரி இருக்கும். அவளுக்கு அது இன்னொரு ரெக்கார்டு. அவள் யாரைப் போலவும் பாடவில்லை. தற்செயலாக இரண்டு பெண்கள் ஒரே இடத்தில் காத்திருக்கப் பிடிக்காதவர்களாக இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கிளம்பும்போது நான் அவளிடம், அவன் வந்தால் பார்ப்பாயா என்று கேட்டேன். "வரட்டுங்கத்தை. வர வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? அவருதான் ஈரோட்டுல போயி ஒளிஞ்சுக்கிட்டாரு" என்றாள். பிறகு வாசல்வரை வந்து, "ஆனா வந்ததும் வராததுமா மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோன்னு நிக்க வேண்டாமுங்க. அவங்கம்மாவைப் பத்திப் பேசட்டும், எனக்கும் கேக்க ஆசைதான். அதே மாதிரி நான் பேசறதையும் பொறுமையாக் கேக்கட்டும். பாடுன்னு மட்டும் சொல்லக்கூடாது. எனக்கா எப்பத் தோணுதோ அப்பப் பாடிக்கறேன்" என்றாள். அவள் சம்மதித்துவிட்டாள் என்று நீ எடுத்துக்கொள்ளக்கூடாது. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வாள். வேண்டாம் என்று அவள் சொன்னால், அதையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். அவள் சொல்லி முடிக்கும்வரை உன்னிடம் சரியான பதில் ஒன்று இருக்கிறது என்று நினைக்காதே. பதில் இல்லாமல் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான். ஆனால் அப்படி உட்கார்ந்து கேட்ட ஆண்களோடு வாழ்ந்த பெண்கள் நன்றாக வாழ்ந்திருக்கிறார்கள். உன் அப்பா பேச்சில் கெட்டிக்காரர் இல்லை, ஆனால் தாமதமாகவாவது கேட்கிறவர். உனக்கும் அது வரும்.

சாமியாரிடம் நான் பேசிவிட்டேன். ஓலை தாளில் எழுதியபடியே இருக்கிறது, அவர் கிழித்துப் போடவில்லை. அவசரம் இல்லை, பிள்ளைகள் பேசிக்கொள்ளட்டும் என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் ஏறு. வழக்கம்போல முதலில் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, என்ன சொல்லலாம் என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். நான் சொல்ல இருந்ததெல்லாம் இதில் சொல்லிவிட்டேன், இனிமேல் என் குரல் உன் காதில் ஓட வேண்டாம். கோவை ஜங்ஷனில் வண்டி வெகுநேரம் நிற்கும். வண்டியில் பாதிப் பேர் எழுந்து பையை எடுப்பார்கள், உனக்கும் கை போகும். உன் அப்பா உன்னைக் கூட்டிவர ஸ்டேஷனுக்கு வரமாட்டார், சொல்லிவைத்திருக்கிறேன். இறங்காமல் உட்கார்ந்திரு கண்ணு. அடுத்தது போத்தனூர்.

சித்தி